அளவுக்கு மிஞ்சி அராவிய சாவி

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



விதை, எரு, கிணறு, கால்நடை முதலிய விஷயங்களைப் பற்றிப் பேச என்னிலும் தகுதி வாய்ந்தோர் இக்கூட்டத்தில் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக் கொண்ட விஷயம் மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்குவது. அரத்தினால் அளவுக்கு மேல் ஆழமாக அராவப்பட்டு, தன் சொந்தப் பூட்டையே திறக்க மாட்டாமற்போன ஒரு சாவியை எவ்வாறு சீர்படுத்துவது என்பதே அது.

இதற்கும் ஒரு பிரசங்கம் வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். அங்கத்தினர் செலுத்திய தவணைப் பணம், ஈடு வைத்த நகைகள், கடன் பத்திரங்கள் ஆகிய இவை ஒருவருடைய பொருளல்ல. 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட கிராமச் சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பை அடிப்படையாகக் கொண்டவை. சங்கம் நொடித்தால் அதன் கடனுக்கு அங்கத்தினர் அனைவருமே ஈடு சொல்ல வேண்டும். சட்டங்கள் அதன்பின் பலமுறை மாறிவிட்டன. ஆயினும் ஒருவர் கையில் நேர்ந்த பிழையைப் பலர் சுமக்க நேர்வது மாறவில்லை. பெட்டியின் சாவி கெட்டுப்போன ஒரு நாளில் இதை நான் நன்றாக அறிந்தேன். அந்தச் சாவியைக் கெடுத்தவன் நானே.

என் கையால் நேர்ந்த பிழை

அக்காலத்தில் நான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பஞ்சாயத்தாரில் ஒருவன். அரமும் சுத்தியும் கையாளத் தெரியும் என்ற கர்வம் எனக்கு உண்டு. எங்கள் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி தலைவரிடமும் மற்றதன் சாவி காரியதரிசியிடமும் இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. மறுசாவிகள் இரண்டும் முத்திரையிட்ட உறையில் ஜில்லாத் தலைநகரிலுள்ள பாங்கியில் வைக்கப்பட்டிருந்தன.

காரியதரிசியின் சாவி சில மாதங்களாகவே முரண்டு செய்து வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, "கொடுங்கள், இரண்டு இழுப்பு இழுத்துத் தருகிறேன்" என்று அதை வாங்கிக் கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அராவினேன். பெட்டியண்டை எடுத்துச் சென்று போட்டுப் பார்த்தேன், சுழலவில்லை. இன்னும் கொஞ்சம் அராவினேன், அப்பொழுதும் சுழலவில்லை. இன்னும் சிறிது அராவினால் சரியாகிவிடும் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றிற்று. முன்பு முரண்டு செய்தாவது திறந்த சாவி, மத்தியானத்துக்குள் முற்றிலும் திறவாததாயிற்று.

அன்று பிற்பகல் எங்கள் அங்கத்தினரான ஓர் அம்மாள் சங்கத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர். ஈடு வைத்திருந்த சங்கிலியை மீட்க அசலும் வட்டியும் முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருந்தார். மறுநாள் காலை அவர் மகளுக்கு முகூர்த்தம். பணத்தை எண்ணி வாங்கி ரசீதும் கொடுத்த பிறகே, பெட்டி திறக்கவில்லை என்பதைக் காரியதரிசி அவரிடம் சொன்னார். பாங்கி இனித் திங்கட்கிழமைதான் திறக்கும்.

அந்த அம்மாள் கூச்சல் போடவில்லை. "பணத்தைக் கொடுத்துட்டேனே ஐயா, சங்கிலி உள்ளேதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சங்கிலி உள்ளேதான் இருந்தது. ஆனால் அதைக் காட்ட எங்களிடம் வழியில்லை. பொழுது சாய்வதற்குள் சங்கத்து நகைகளைப் பற்றித் தெருவில் இரண்டு விதமாகப் பேச்சுப் பரவிவிட்டது.

நான் சைக்கிளை எடுத்துக் கொண்டு சந்தை ஊருக்குச் சென்று, அங்கே பூட்டு பழுது பார்க்கும் முதியவர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்தேன். அவர் சாவியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை அராவினது யாரு?" என்று கேட்டார். தலைவரும் காரியதரிசியும் அருகில் நின்றார்கள். நான், "பழைய சாவி, தேய்ந்து போயிருக்கிறது" என்றேன்.

"தேஞ்ச இடம் வழவழன்னு இருக்கும். இது அரம் பட்ட இடம். எந்தெந்தப் படியைத் தொட்டீங்க, எதை முதல்லே தொட்டீங்கன்னு சொன்னாத்தான் என்னாலே வேலை செய்ய முடியும். மறைச்சா விடிய விடியத் தேடணும்" என்றார் அவர்.

நான் ஒப்புக்கொண்டேன். ஆறு படிகளில் இரண்டை அராவினேன். அவற்றில் ஒன்றையே திரும்பத் திரும்ப அராவினேன் என்று காட்டினேன். அவர் ஏன் அவ்வாறு கேட்டார் என்பது பூட்டின் உட்புறத்தை அறிந்தால் விளங்கும்.

பூட்டின் உள்ளே நடப்பது யாது?

சாவியின் முனையில் தகடு போல நிற்கும் பகுதியை நாக்கு என்று வைத்துக் கொள்வோம். அந்நாக்கின் விளிம்பில் வெட்டப்பட்டுள்ள மேடு பள்ளங்களே படிகள். பெட்டிப் பூட்டுகளிலும் நல்ல தொங்கு பூட்டுகளிலும், லீவர் எனப்படும் தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு வில் கீழ்நோக்கி அழுத்திக் கொண்டிருக்கும். சாவியைச் சுழற்றும்போது ஒவ்வொரு படியும் தனக்குரிய லீவரை மேலே தூக்குகிறது. ஒவ்வொரு லீவரிலும் ஒரு வாயில் வெட்டப்பட்டிருக்கிறது. எல்லா வாயில்களும் ஒரே நேரில் வந்து நின்றால், தாழோடு சேர்ந்த முளை அவற்றினூடே புகும், தாழ் நகரும். ஒரு வாயில் விலகி நின்றாலும் முளை அதில் இடித்து நின்றுவிடும்.

பழங்காலத்துப் பூட்டுகளில் லீவரைப் போதிய அளவு தூக்கினால் போதும். அதிகமாகத் தூக்கினாலும் குற்றமில்லை. 1778-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் காப்புரிமை பெற்ற பூட்டில்தான், லீவர் குறையவும் கூடாது, மிகவும் கூடாது என்ற ஏற்பாடு வந்தது. 1818-ம் வருஷத்தில் ஜெரமையா சப் என்பவர் அமைத்த பூட்டு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதில் ஏதேனும் ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு தானே முடங்கிக் கொண்டு, யாரோ கை வைத்தார்கள் என்று உடையவனுக்குக் காட்டிக் கொடுக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் பெறப்படுகிறது. படியை அராவினால் லீவர் தாழ்கிறது. படி உயரமாக இருந்து பூட்டு திறவாவிட்டால், அராவிச் சரி செய்யலாம். படி ஏற்கெனவே தாழ்ந்து போயிருந்தால், எவ்வளவு அராவினாலும் இன்னும் தாழுமேயன்றி உயராது. இரண்டு பிழைகளுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே, சாவி சுழலாது. ஆதலால்தான் தாழ்ந்த படியை உயர்ந்ததென்று எண்ணி மேலும் மேலும் அராவிக் கெடுக்கிறோம். நான் அன்று செய்தது அதுவே.

முதியவர் கேட்ட கேள்வியின் காரணமும் இப்பொழுது விளங்கும். ஆறு படிகளில் எவை தாழ்ந்தவை என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றையும் தனியேயும் இரண்டிரண்டாகச் சேர்த்தும் சோதிக்க வேண்டும். இரண்டு படிகளை மட்டும் ஜோடி சேர்த்துப் பார்ப்பதற்கே பதினைந்து விதங்கள் உண்டு. நான் உண்மையைச் சொன்னதால் அந்த வேலை மிச்சமாயிற்று.

அரத்தை எடுக்கு முன்

முரண்டு செய்யும் பூட்டுகளில் பலவற்றில் குற்றம் சாவியில் இல்லை. தூசியும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து லீவர்களை ஒட்டிக் கொள்ளச் செய்கின்றன. நம்மவர்கள் பூட்டு முரண்டினால் அடுக்களையிலிருந்து நல்லெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ கொண்டு வந்து விடுகிறார்கள். அன்றைக்குப் பூட்டு இளகும்; நாளடைவில் அந்த எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசை போலாகிவிடும். தொங்கு பூட்டாயின், மண்ணெண்ணெயில் அலசி உலர்த்தி, தையல் யந்திரத்துக்கு விடும் மெல்லிய எண்ணெயில் ஒரு துளி விடுவது போதும். கழற்ற முடியாத பெட்டிப் பூட்டாயின், பென்சில் கரியைப் பொடியாக்கிச் சாவியின் மேல் தடவி, போட்டுப் போட்டு எடுக்கலாம். நாக்கு வளைந்திருக்கிறதா, சாவித் துவாரத்தில் குப்பை அடைத்திருக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் பார்த்த பிறகும் பயனில்லையென்றால்தான் அரத்தைப் பற்றி யோசிக்கலாம். எங்கள் பூட்டில் இருந்ததும் தூசியே என்பது பிறகு தெரிந்தது.

எவ்வளவு குறைந்தது என்று அறிதல்

மறுசாவி கைவசம் இருந்தால் வேலை எளிது. இரண்டு சாவிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி விளக்கின் எதிரே பிடித்தால், கெட்ட படி மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது தெரியும். அந்த வித்தியாசமே இழந்த உலோகத்தின் அளவு.

மறுசாவி இல்லாதபோது முதியவர் செய்ததைச் சொல்லுகிறேன். மெல்லிய காகிதத்தைப் படியின் அகலத்துக்குச் சீவி, பசை தடவிச் சந்தேகமான படியின் மேல் ஒட்டி உலரவிட்டார். சாவியைப் போட்டு மெதுவாகத் திருகினார், நகரவில்லை. அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டினார். மூன்றாவது தாள் ஒட்டியபோது சாவி முன்னிலும் சிறிது அதிகமாகச் சுழன்று, காகிதம் கசங்கி நின்றுவிட்டது. அவர் முகம் தெளிந்தது. "மூணு தாள். அந்த இடத்திலே இரும்பு வந்தாத் திறக்கும்" என்றார். நான் தொட்ட மற்றொரு படியின் மேல் தாள் ஒட்டிப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை. அது கெடவில்லை என்று ஏற்பட்டது.

சாதாரணக் காகிதம் ஒன்றின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மூன்று தாளின் கனம் மிகச் சிறிய அளவு என்றே சொல்லலாம். அவ்வளவு உலோகத்துக்காகத்தான் ஒரு கல்யாண வீடு காத்திருந்தது. இச்சோதனையில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சாவியை வலிந்து முறுக்கலாகாது. காகிதத் துணுக்கு எதுவும் பூட்டுக்குள் தங்கலாகாது. ஒவ்வொரு முறையும் ஒட்டிய தாள் முழுவதும் சாவியோடு திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும்.

தட்டி எழுப்பும் முறை

குறைந்தது நாலைந்து தாளின் கனத்துக்கு மேற்படாவிட்டால், சாவியின் சொந்த உலோகத்தையே தட்டி உயர்த்தலாம். மிருதுவாக்கிய இரும்பு சுத்தியின் கீழ் சிறிது பரவும். நாக்கின் தட்டைப் பக்கத்தில், கெட்ட படியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே அடித்தால், அங்கே கனம் குறைந்து உலோகம் விளிம்பை நோக்கி நகரும்.

முதலில் சாவியை மிருதுவாக்க வேண்டும். முதியவர் கரியடுப்பில் நாக்கை மட்டும் செந்நிறமாகக் காய்ச்சி, சூடான சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். அவசரப்பட்டுத் தண்ணீரில் தோய்த்தால், எஃகுச் சாவியாயின் அது இறுகி, அடிக்கும்போது தெறித்துப் போகும். அரைமணி நேரத்துக்கு மேல் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாளும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆறிய சாவியைச் சம்மட்டித் தலையின் மேல் கிடத்தி, சிறு சுத்தியின் உருண்டை முனையால் தட்டினார். ஒரு பக்கத்தில் நாலு தட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் நாலு தட்டு. ஒரே பக்கத்தில் அடித்தால் நாக்கு வளைந்துவிடும். பலமான ஒரே அடியில் காரியத்தை முடிக்கப் பார்த்தால் விளிம்பு வெடிக்கும். மெல்லிய அடிகள் பலவே நல்லவை. விளிம்பு எழும்போது பக்கவாட்டிலும் சிறிது பரவி அடுத்த படியின் இடத்துக்குள் நுழையும். அதை முப்பட்டை அரத்தின் ஓரத்தால் நீக்கிவிட வேண்டும். படி வேண்டிய உயரத்துக்கு மேல் சற்று எழுந்த பின்பே நிறுத்த வேண்டும். மிகுதியை மறுபடி அராவிக் கொள்ளலாம். குறைவை அராவிக் கொள்ள முடியாது.

இனி அராவும் முறை. சாவியின் நாக்கை விளக்குப் புகையில் காட்டிக் கருக்க வேண்டும். பூட்டில் போட்டு மெதுவாகத் திருகி எடுத்தால், லீவர் அழுந்திய இடத்தில் கருமை அழிந்து பளபளப்பான கோடு தெரியும். அக்கோடு அழுத்தமாகத் தெரியும் இடத்தில், நுண்ணிய தட்டை அரத்தால் முன்னோக்கி இரண்டே இழுப்பு. மறுபடி கருக்கு, மறுபடி போட்டுப் பார். குறியைப் பார்க்காமல் ஓர் இழுப்பும் கூடாது. நான் திண்ணையில் உட்கார்ந்து பூட்டின்றியே அராவினேன் என்று சொன்னேனல்லவா? கண்ணைக் கட்டிக் கொண்டு களை பறிப்பதும் அதுவும் ஒன்றே.

பற்றவைத்து நிரப்பும் முறை

குறைவு அதிகமாயிருந்தால் தட்டி எழுப்ப முடியாது. அப்பொழுது வேற்று உலோகத்தை ஏற்றி நிரப்ப வேண்டும். இரும்புச் சாவிக்குப் பித்தளைப் பற்று நல்லது. கெட்ட படியை அரத்தால் சுரண்டி வெள்ளையாகப் பளிச்சிடச் செய்து, வெண்காரத்தை நீரில் குழைத்துத் தடவி, அதன்மேல் பித்தளைத் துணுக்கு ஒன்றை வைத்துக் கரி நெருப்பில் ஊத வேண்டும். வெண்காரம் முதலில் பொங்கிப் பிறகு கண்ணாடி போல் உருகும். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடில் உருகி இரும்பின் மேல் படரும். படர்ந்த கணமே நெருப்பிலிருந்து எடுத்து, அசையாமல் ஆறவிட வேண்டும். மிகுந்த சூட்டில் பித்தளையிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அது நெஞ்சுக்கு ஆகாது. திறந்த வெளியில் காற்றுக்கு முதுகு காட்டி வேலை செய்வது உத்தமம். மேலே படிந்த கண்ணாடிப் பூச்சைக் கொதிநீரில் ஊறவைத்து நீக்கிய பிறகே அராவத் தொடங்க வேண்டும். இல்லாவிடில் அரத்தின் பல் மழுங்கும்.

பித்தளைச் சாவிக்குப் பித்தளைப் பற்று வைக்கலாகாது. பற்று உருகும் சூட்டில் சாவியே உருகி வழிந்துவிடும். தட்டார் வைத்திருக்கும் வெள்ளிப் பற்றாசு அதைவிடக் குறைந்த சூட்டில் இளகுவதால் அதுவே தக்கது.

சிலர் ஈயப்பற்று வைத்து ஒப்பேற்றுவார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 200 டிகிரிக்கு முன்பின்னான சூட்டிலேயே உருகக் கூடியதாகையால் வேலை சுலபம். ஆனால் அது மிருதுவானது. சில நாளில் தேயும், அல்லது உரிந்து பூட்டுக்குள் விழுந்து லீவர்களுக்கிடையே சிக்கும். பிறகு சாவியோடு பூட்டும் கெடும். ஆபத்துக் காலத்தில் ஒரே ஒரு முறை திறப்பதற்கன்றி இதை நம்பலாகாது.

தொழிற்சாலைகளில் செய்யப்படும் உருளைப் பூட்டுகளுக்கு இம்முறைகள் பொருந்தா. அவற்றில் லீவர்களுக்குப் பதிலாகச் சிறு ஊசிகள் இருக்கும். அமெரிக்காவில் லைனஸ் யேல் என்னும் இளையவர் 1861, 1865-ம் வருஷங்களில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அங்கும் ஆழமாக வெட்டினால் ஊசி தாழ்ந்து பூட்டு முடங்கும் என்ற விதி ஒன்றே. ஆனால் அச்சாவியின் உடல் மெல்லியது, வரிப்பள்ளம் உடையது. தட்டினால் துவாரத்தில் நுழையாது. அதற்குப் புதுச் சாவி வெட்டுவதே வழி.

பூட்டைத் தொடாதீர்கள்

இன்னொரு வழியும் உண்டு. அதை எச்சரிக்கையாகவே சொல்லுகிறேன். கெட்ட சாவியைச் சீர்படுத்தாமல், பூட்டைக் கழற்றி அதற்குள் இருக்கும் லீவரின் வாயிலை அகலமாக அராவிவிடுவது. வேலை கால்மணியில் முடியும். கெட்ட சாவியே திறக்கும். பார்ப்பவர்க்குப் பூட்டு நன்றாயிருப்பதாகவே தோன்றும். ஒரு கிடங்கின் தொங்கு பூட்டில் இவ்வாறு செய்யப்பட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாயில் அகன்ற பூட்டு, ஏறக்குறையப் பொருந்தும் வேற்றுச் சாவிகளுக்கும் இடம் கொடுக்கும். அந்தக் கிடங்கின் பூட்டை அடுத்த வீட்டு நெற்குதிர் அறையின் சாவி திறந்தது. எத்தனை நாளாகத் திறந்து வந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது.

சாவியில் நேர்ந்த பிழையைச் சாவியிலேயே தீர்க்க வேண்டும். பேரேட்டில் ஒரு தொகை இடிக்கிறதென்றால், பிழையான பதிவைத் தேடித் திருத்துகிறோமேயன்றி, அதற்கு இசையும்படி மற்றப் பதிவுகளை மாற்றுவதில்லை. பூட்டு சங்கத்தின் பொது உடைமை. சாவி பிடிப்பவரின் கைப்பிழைக்கு அதை இணங்கச் செய்வது முறையல்ல.

சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியவை

திண்டுக்கல்லில் கையால் செய்யப்படும் பூட்டுகளைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். 2019-ம் வருஷத்தில் அவை புவிசார் குறியீடு பெற்றன. அதற்கு விண்ணப்பம் செய்தது பூட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே என்பது நம்மனோர்க்குப் பெருமை தருவது. கைவேலைப் பூட்டுக்கு அதனுடைய சாவியே சாவி. ஆதலின் அதைக் காப்பாற்றுவதில் சங்கத்தார் சில விதிகளைக் கைக்கொள்வது நலம்.

முதலாவது, தட்டியும் பற்றவைத்தும் சீர்படுத்திய சாவி நிரந்தரமானதன்று. அது பெட்டியைத் திறப்பதற்கு மட்டும். திறந்தவுடன் நல்ல சாவியைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டிக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, புதுச் சாவியை முதற்சாவியைப் பார்த்தே வெட்ட வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டலாகாது. நகலுக்கு நகல் எடுக்கும்போது பிழைகள் ஒன்றோடொன்று கூடுவது பத்திரத்திலும் உண்டு, சாவியிலும் உண்டு.

மூன்றாவது, மறுசாவி வேறிடத்தில் முத்திரையிட்டு இருக்க வேண்டும். இரண்டு பூட்டுகளின் சாவிகளும் ஒருவர் கையில் ஒருபோதும் சேரலாகாது. பெட்டியின் சாவி பழுது பார்க்கப்படும்போது அதைப் பிடிக்கும் உத்தியோகஸ்தர் உடன் இருக்க வேண்டும். என்னைப் போன்ற ஆர்வலர் கையில் கொடுத்தனுப்பலாகாது.

நான்காவது, எந்தச் சாவி எப்பொழுது, யாரால், எதற்காகத் தொடப்பட்டது என்பதை நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். உபயோகமற்ற சாவியைப் பஞ்சாயத்தார் முன்னிலையில் இரண்டாக அறுத்துவிட வேண்டும்.

முடிவு

அன்றிரவு எட்டரை மணிக்கு மேல், விளக்கு வெளிச்சத்தில் தலைவர் முதலில் தம் பூட்டைத் திறந்தார். பின்பு காரியதரிசி சீர்படுத்திய சாவியைப் போட்டுத் திருகினார். சுழன்றது. பெட்டி திறந்தது. சங்கிலி வைத்த இடத்தில் பொட்டலமும் சீட்டும் கலையாமல் இருந்தன. அந்த அம்மாள் சங்கிலியை நிறுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்களே நிறுத்துக் காட்டினோம். கையொப்பமிட்டுவிட்டு எழுந்தவர், வாயிற்படியில் நின்று, "கெட்டது எப்படின்னு யாராச்சும் சொன்னா நல்லாயிருக்கும். ஊரிலே கேப்பாங்க" என்றார்.

நான் சொன்னேன். அவரிடம் மட்டுமல்ல, தெருவில் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் கேட்கும்படியே சொன்னேன். திங்கட்கிழமை பாங்கியிலிருந்து மறுசாவி வந்தது. அதைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டப்பட்டது. அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைப் புஸ்தகத்தில், சாவியை அராவிக் கெடுத்தவர் இன்னார் என்று என் பெயரையே எழுதி, பழுது பார்த்த கூலியை என் கணக்கில் பற்று வைத்தேன். அதன்பின் சங்கத்து நகைகளைப் பற்றித் தெருவில் பேச்சு எழவில்லை. மறு வருஷம் அந்த அம்மாள் தம் இளைய மகளின் படிப்புக்காக அதே சங்கத்தில் மறுபடி கடன் வாங்கினார்.

அங்கத்தினர்களே, கைப்பிழை எவர்க்கும் நேரும். அராவியது போதாதோ என்ற சந்தேகம் வந்தவுடன் அரத்தைக் கீழே வையுங்கள். எந்தப் படியைத் தொட்டீர்கள் என்பதைத் தெரிந்தவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றதைச் சுத்தியும் நெருப்பும் பார்த்துக் கொள்ளும்.